திரைக்கு வெளியே விழுந்த ராஜா

செத்தாயிற்று. இனிக் கால் மணி நேரம் அசையக் கூடாது, அவ்வளவுதான் வேலை. எத்தனை முறை செத்திருப்பீர்கள் என்று லீட்ஸில் ஒரு பத்திரிகைக்காரன் கேட்டான். எண்ணவில்லை என்றேன். அதையே எழுதிக்கொண்டு போனான். நாற்பத்தாறு வருஷம். வாளால், விஷத்தால், மனம் உடைந்து, ஒருமுறை கப்பலோடு. ஒருமுறை மேலிருந்து கயிறு அறுந்து விழுந்த மர நிலாவால் நிஜமாகவே சாகப் பார்த்தேன், அன்றைக்குத்தான் கைதட்டல் அதிகம். இன்றைக்கு வாள். நான் வடதேசத்துக் கிழ ராஜா, லயனல் ஸ்வேல் என்னைக் கொல்லும் இளவரசன். அவன் வாள் என் அக்குளுக்கும் விலாவுக்கும் நடுவே போய் வந்தது, நான் சிம்மாசனத்திலிருந்து தள்ளாடி வந்தேன், முதலில் முழங்கால், அப்புறம் இடுப்பு, அப்புறம் தோள், கடைசியில் தலை. விழுவது என்றால் இறங்குவது. தொப்பென்று விழுகிறவன் குடிகாரன். மல்லாந்து கிடக்கிறேன். கண் மூடியிருக்கிறது. கீழே பச்சைக் கம்பளம். இந்தத் தொழிலில் பொய் சொல்லாத சாமான் இது ஒன்றுதான். சாவு வருகிற காட்சிக்கு முன்னால் இரண்டு ஆள் வந்து விரித்துவிட்டுப் போவார்கள், ராஜாக்களின் வெல்வெட் அழுக்காகக் கூடாது என்று. சபைக்கும் தெரியும், பச்சை விரித்தால் எவனோ சாகப் போகிறான். ராஜா சிரித்துக்கொண்டே வந்து உட்காருவார், பெண்கள் அதற்குள் கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள். இன்றைக்கு ஆலைகளுக்கு விடுமுறை, பகல் ஆட்டம், போல்ட்டன் நெசவாளிகள் குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள். ஆரஞ்சுத் தோல் வாசனை இங்கே வரைக்கும். ஆரஞ்சுத் தோல், எரிவாயு, வியர்த்த கம்பளிச் சட்டை. இன்னொரு வாசனையும் இருக்கிறது. மூக்குக்கு வெகு பக்கத்தில். சாயம். புதுச் சாயம். இது ஏன் வருகிறது.

லெட்டி ட்ரேப்பர் ஓடி வருகிறாள். என் மகள், அதாவது ராஜாவின் மகள். என் மார்பில் விழுந்து கதற வேண்டும். விழுந்தாள். கதறினாள். நல்ல தொண்டை, இன்னும் பத்து வருஷம் தாங்கும். "அப்பா! என் தந்தையே! இந்த உதடுகள் இனிப் பேசாவோ!" என்று கூரைக்குச் சொல்லிவிட்டு, தலைமுடியை என் முகத்தின் மேல் சரியவிட்டு, அதற்குள்ளிருந்து, "மிஸ்டர் மெல்லிஷ், எங்க விழுந்து கிடக்கீங்க தெரியுதா?" என்றாள். பிணம் பேசாது. "கோட்டுக்கு வெளியே. முழு ஆளும் வெளியே. திரை எறங்கினா நாங்க எல்லாரும் உள்ளே, நீங்க மட்டும் அந்தப் பக்கம்." உதட்டை அசைக்காமல், "எவ்வளவு" என்றேன். "ஒரு முழம். அதுக்கு மேலயே இருக்கும்." அப்புறம் கூரைக்கு, "ஐயோ, குளிர்ந்துவிட்டீரே!" அப்புறம் முடிக்குள், "இந்த வயசுல முன்னாடி விழற ஆசை என்ன வந்தது உங்களுக்கு? கைதட்டு பத்தலையா?" என் மார்பு ஒருமுறை ஏறி இறங்கிவிட்டது. அவள் அதை அழுகையால் மூடினாள். சாமர்த்தியக்காரி.

கோட்டுக்கு வெளியே. நானா. பழைய மாதிரி அரங்கு இது, திரைக்கு முன்னால் மேடை பத்தடி மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும், சபையின் மடிவரைக்கும். அந்த முன்மேடையின் இரண்டு கோடியிலும் பக்கச் சுவரில் ஒரு கதவு. அங்கே நின்று பேசலாம், பாடலாம். சாகக் கூடாது. அடியில் கனத்த கருவாலி மர உருளை கோத்த திரை மேலிருந்து கடகடவென்று இறங்கும்போது பிணங்கள் எல்லாம் அதற்கு உள்ளே இருக்க வேண்டும், அப்போதுதான் எழுந்து தூசி தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியும். வெளியே மாட்டிக்கொண்ட பிணம் என்ன செய்யும். நாலாம் வருஷம் கற்றுக்கொண்ட பாடம் இது, லிங்கனில், ஒரு கொட்டகையில், அங்கே திரை என்று இருந்ததே இரண்டு படுக்கை விரிப்பு. அன்றிலிருந்து தப்பவில்லை. அந்தக் கம்பளம்தான் என் அளவு. சிம்மாசனத்திலிருந்து நேராக வா, செருப்பின் அடித்தோல் மெல்லியது, கம்பளத்தின் முன்விளிம்பில் ஒரு தடித்த பின்னல் உண்டு, கால் அதைத் தொட்டதும் நில், திரும்பு, இற. அந்தப் பின்னல் எப்போதும் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே இருக்கும். ஒன்பது எட்டு எடுத்து வைத்தால் பின்னல் வரும். இன்றைக்கு எத்தனை வைத்தேன். பத்து. பதினொன்றோ. தடுமாறுகிற கிழவனாயிற்றே, எட்டு சின்னதாக விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். இடது கை கம்பளத்தின் மேல்தான் கிடக்கிறது, சபைக்குத் தெரியாத கை. சுண்டு விரலால் தேய்த்துப் பார்க்கிறேன். முரட்டு ரோமம். யாரும் நடந்து அழுந்தாத ரோமம். பழையது வழுக்கை மண்டை மாதிரி இருக்கும். இது புதுசு. கம்பளத்தை மாற்றிவிட்டார்கள். பெரிதாக வாங்கியிருக்கிறார்கள். பின்னல் முன்மேடைக்கே வந்துவிட்டது. காலையில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஆகா நல்ல பச்சை என்று சொல்லியிருப்பார்கள். எவனும் எனக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்வான். கண் இருக்கிறவனுக்கு யாராவது கம்பளம் விரித்திருக்கிறது என்று சொல்வார்களா.

கண் இருக்கிறவன். அங்கேதான் விஷயம். இடது கண்ணில் புரை விழுந்து இரண்டு வருஷம். வலது கண் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்கிறேன், எண்ணெய்க் காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்ப்பது போல. வெளிச்சம் தெரியும். ஆள் வந்தால் இருட்டாகத் தெரியும். ஆள் யார் என்பது நடையில் தெரியும். ஸ்வேல் குதிகாலை அழுத்துவான், லெட்டி நுனிக்காலில் வருவாள், முதலாளி ஹஸ்கினுக்கு வலது பூட்ஸ் கிறீச்சிடும். முன்விளக்கு வரிசை கன்னத்தில் சூடாகத் தெரியும். போதும். ராஜாவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். புதுப் பாடம் வந்தால் வீட்டுக்கார அம்மா மிஸஸ் ஆக்டன் வாசிப்பாள். காதால் கேட்டால்தான் மனதில் நிற்கும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பாவம், ராணிகளின் வசனத்தை உருளைக்கிழங்கு விலை சொல்லும் குரலில் படிப்பாள். லீட்ஸில் ஒரு கண் வைத்தியன் ஊசி காட்டினான். இரண்டில் ஒருவருக்குப் பார்வை திரும்பும் என்றான். மற்றவனுக்கு என்றேன். மேலே பார்த்தான் என்று நினைக்கிறேன், எனக்கு எங்கே தெரிந்தது. வந்துவிட்டேன். பிம் ஞாபகம் வருகிறான். வரட்டும். என்னோடு பதினெட்டு வருஷம் கோமாளி வேஷம் கட்டியவன், காது போயிற்று, எதிராளி பேசி முடிக்குமுன் பேசிவிடுவான், மூன்று முறை ஆயிற்று, நாலாவது முறை ஹஸ்கின் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு வெளியே கூட்டிப்போனார். ஹஸ்கின் கெட்டவர் இல்லை. தோளில் கை போட்டார். பிம் இப்போது ஏழை விடுதியில் உட்கார்ந்து பழைய கப்பல் கயிற்றை நார் நாராகப் பிரிக்கிறான். போய்ப் பார்த்தேன். விரல் நுனி எல்லாம் வெடித்திருந்தது. "மெல்லிஷ், சத்தமாப் பேசு" என்றான். சத்தமாகப் பேசினேன். பக்கத்தில் இருந்த கிழவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். அதற்கு அப்புறம் போகவில்லை. கண் போனது தெரிந்தால் தோளில் கை விழும். ஆசையில் முன்னால் வந்து விழுந்தான் என்றால் விழாது. ஆசைக்காக எந்த நடிகனையும் எவரும் விரட்டியதில்லை, விரட்டினால் கூடாரம் காலி. ஆகவே ஆசை. கிழட்டு ஆசை. அப்படியே இருக்கட்டும்.

"இழுக்கட்டுமா?" என்கிறாள் லெட்டி. வேண்டாம் என்று சொல்வதற்குள் என் தோள்களுக்குக் கீழே கை கொடுத்துவிட்டாள். "வாரும் தந்தையே, என் மடியில் உறங்கும்!" இது வசனத்தில் இல்லை. அவளாகச் சேர்த்தாள். கெட்டிக்காரி. ஆனால் நான் பதினான்கு கல் எடை, இரண்டு ஆள் தூக்குகிற கனம், மேலே இரும்பு வளையச் சட்டை, அதற்கு மேலே போர்வை, பெண்ணோ வாத்துக் குஞ்சு. ஒரு சாண் நகர்ந்தேன். போர்வை நகரவில்லை. கழுத்தைப் பிடித்தது. இருமல் வருகிறது. வராதே. மூன்றாம் வரிசையில் யாரோ களுக்கென்றான். "விடு" என்றேன். உதடு அசைந்துவிட்டது. அசைந்திருக்கக் கூடாது, இந்த ஊரில் கூடவே கூடாது. தறிகளின் இரைச்சலில் காது உதவாது என்று உதட்டைப் பார்த்தே பேசிப் பழகினவர்கள், சந்தையில் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகச் சத்தமில்லாமல் வம்பு பேசுகிறவர்கள். மேல்தட்டிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல், தறிக்காரி குரல்: "ஏய், பொணம் பேசுதுடீ!" "என்ன சொல்லுது?" "விடுங்குது!" "விட்டுத்தொலையேம்மா, செத்தவனையாவது நிம்மதியா விடு!" சிரிப்பு. நல்ல சிரிப்பு, வயிற்றிலிருந்து. லெட்டி என் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குகிறது. அழுகிறாள் என்று சபை நினைக்கட்டும். "மன்னிச்சுக்குங்க" என்கிறாள், மூச்சு விட முடியாமல். முட்டாள் பெண். சூசன் சிரித்திருக்க மாட்டாள். சிரித்திருப்பாள். சூசன்தான் எல்லாரையும்விட மோசம்.

சூசன் என் மனைவி. இருபத்திரண்டு வருஷம் என் மேல் விழுந்து அழுதவள். மகளாக, மனைவியாக, தாயாக, ஒருமுறை என் பகைவனின் விதவையாக. அவள் அழும்போது என் காதில் அன்றைய சாப்பாடு என்ன என்று சொல்வாள். ஆட்டு ஈரல் என்பாள். நான் ஈரலை நினைத்துக்கொண்டே சாந்தமாகச் செத்திருப்பேன், பத்திரிகைகள் அந்தச் சாந்தத்தைப் பற்றி எழுதும். லண்டனில் அவள் இல்லை, குழந்தை வயிற்றில், ஹல் ஊரில் இருந்தாள். லண்டனில் மூன்று நாள் ஆடினேன். முப்பத்தொன்று வயது. யார்க்கில் பெயர், லிங்கனில் பெயர், நார்விச்சில் என் படத்தைப் புட்டிகளில் ஒட்டி இருமல் மருந்து விற்றார்கள், லண்டன் கூப்பிட்டது. முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் பத்திரிகையில் ஒரே வரி. மிஸ்டர் மெல்லிஷிடம் நல்ல குரலும் நீண்ட கால்களும் இருக்கின்றன. அவ்வளவுதான். வைதிருக்கலாம். வைதால் பதில் சொல்லலாம். நல்ல குரல், நீண்ட கால்கள். குதிரைச் சந்தையில் சொல்வது போல. நாலாம் நாள் வேறொருவனைப் போட்டார்கள். நான் வண்டியேறி வடக்கே வந்தேன், மறுபடி போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை. குழந்தை தங்கவில்லை. அப்புறம் காதலன், அப்புறம் கணவன், அப்புறம் சதிகாரன், அப்புறம் தகப்பன், இப்போது நாலாம் அங்கத்தில் சாகிற ராஜா. ஒரு நடிகனின் வாழ்க்கை என்று கேட்டால் இதுதான், வாசலிலிருந்து மெதுவாகச் சுவர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போவார்கள். சுவரில் முதுகு பட்டதும் தெரியும். சூசன் போன பிறகு கண் கெட்டதா, கண் கெட்டதை அவள் போன பிறகு கவனித்தேனா, தெரியவில்லை. அவள் இருந்தவரை அவள்தான் பார்த்துச் சொல்வாள். படி. இடது. குனி. சட்டைப் பொத்தான். இருபத்திரண்டு வருஷம் ஆட்டு ஈரல். போதும், இதெல்லாம் இப்போது எதற்கு. விளக்குச் சூடு தலைப்பக்கம் அதிகம். ஆமாம், வெகு முன்னால்தான் கிடக்கிறேன். தாடி கருகினாலும் ஆச்சரியமில்லை.

குதிகால் அழுத்தம். ஸ்வேல். லெட்டி எழுந்து உள்ளே போகிறாள், போகும்போது என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். இப்போது இளவரசன் தான் கொன்ற ராஜாவின் பிணத்துக்கு முன்னால் மண்டியிட்டு மனம் வருந்த வேண்டும். நாற்பது வரி. இந்த நாற்பது வரியும் ஒரு காலத்தில் என்னுடையது. இருபது வருஷம் நான்தான் வருந்தினேன், எவனெவனோ செத்தான். "உறங்குக, வடதிசை வேந்தே," என்று தொடங்கினான். குரல் இருக்கிறது. அவசரம் இருக்கிறது. "உன் வாளும் உறங்குக, உன் பகையும் உறங்குக." இங்கே மூச்சு விட வேண்டும். சபைக்கு முதுகைக் காட்டித் தலை குனிந்தான். "என்ன கிழவரே இது," என்றான் என் முகத்துக்கு நேரே. "என் பேச்சு முழுக்க உம்ம தாடிதான் முன்னாடி நிக்குது. வேணும்னே பண்ணினீரா?" நிமிர்ந்தான். "நரைத்த இந்தச் சிரசின் முன் என் வெற்றி நாணுகிறது!" கைதட்டல், கொஞ்சம். மறுபடி குனிந்தான். வெங்காயம் தின்றிருக்கிறான். குரல் மாறியிருந்தது. "மிஸ்டர் மெல்லிஷ். ஒண்ணு கேக்கறேன். நேத்து மாடிப்படியில என்னை ஹஸ்கின்னு நினைச்சுப் பேசினீங்க. அவர் பூட்ஸைத்தான் நான் போட்டிருந்தேன், என்னுது மழையில நனைஞ்சிருந்தது." நிமிர்ந்தான். "ஓ, காற்றே, நீ சாட்சி!" இரண்டு வரி காற்றோடு பேசினான். குனிந்தான். "அந்தச் சிப்பாய் ரெண்டு பேரையும் கூப்பிட்டு ராஜாவை உள்ளே தூக்கிட்டுப் போகச் சொல்லட்டுமா? நானாச் சேத்துச் சொல்றேன், ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா எனக்கு உண்மை தெரியணும். முன்னாடி வந்து விழுந்தது ஆசையா, கண்ணா?"

யோசிக்க எனக்கு ஒரு வரி நேரம் இருந்தது. அவன் நட்சத்திரங்களிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். கண் என்று சொன்னால் தூக்குவான். தூக்கியதும் மறந்துவிடுவானா. மாட்டான். கெட்ட பிள்ளை இல்லை, ஆனால் இருபத்தாறு வயது, வாய் நிற்காது. இன்றைக்கு லெட்டியிடம் சொல்வான், இரக்கத்தோடு சொல்வான். லெட்டி அழுவாள், நிஜமாகவே. நாளைக்கு, மேடை ஓரத்தில் புத்தகத்தோடு நின்று வசனத்துக்கு அடி எடுத்துக் கொடுக்கிற ப்ரூவின் காதுக்குப் போகும், நாளன்றைக்கு எல்லாரும் எனக்குக் கதவு திறந்து விடுவார்கள். நாற்காலியைத் தள்ளிக் கொடுப்பார்கள். வியாழக்கிழமை தோளில் கை. ஆசை என்று சொன்னால் இன்றைக்கு ஐந்நூறு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிப்பு ஒரு நாள். கயிறு தினமும். அப்புறம் இன்னொன்று. இவன் ஏன் கேட்கிறான். என் இடத்துக்கு யாரையாவது வைத்திருக்கிறானா, மாமன், சித்தப்பன். அப்படி இருக்காது. இருக்கலாம். அவன் குரலில் இரக்கம் இருந்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இரக்கத்தை நான் மேடையில் ஆயிரம் முறை செய்து காட்டியிருக்கிறேன், எந்த எலும்பிலிருந்து அது கிளம்புகிறது என்று எனக்குத் தெரியும். குனிந்தான். "சொல்லுங்க. சீக்கிரம்." "ஆசை," என்றேன். "நிஜமாவா?" "உன் பேச்சு வழவழன்னு போகுது, தம்பி. சபை தூங்காம இருக்க ஒரு முகமாவது முன்னாடி வேணாமா. அதான் விழுந்தேன்." அவன் கன்னம் சிவந்திருக்கும். எனக்குத் தெரியாது, சூடு வந்தது. "அப்படியா. அப்ப நல்லா அனுபவியும்," என்றான். எழுந்துகொண்டான். கடைசிப் பத்து வரியை அற்புதமாகப் பேசினான். கோபம் நல்லது. இத்தனை நாளாக அந்த இடத்தில் அவனுக்குக் கோபம்தான் குறைந்திருந்தது. முன்பே சொல்லியிருக்கலாம்.

குதிகால் பின்னால் போகிறது. உள்ளே. ஒவ்வொருவராக உள்ளே. சிப்பாய்களின் மரக் காலணி, லெட்டியின் நுனிக்கால், எல்லாரும் சிம்மாசனத்தைச் சுற்றிப் படமாக நிற்பார்கள். எனக்குப் பின்னால் அந்தப் பெரிய அறை நிரம்புவது காதுக்குத் தெரிகிறது, நான் இந்தப் பக்கம், தெருவில் போட்ட பெட்டி மாதிரி. ப்ரூவின் மணி. ஒன்று. தாமதமாகுமா. அவன் எட்டிப் பார்ப்பானா. எட்டிப் பார்த்தால் நான் கிடப்பது தெரியும், நிறுத்துவான். ப்ரூ புத்தகத்தைத்தான் பார்ப்பான், மேடையைப் பார்க்க மாட்டான். நல்ல அடி எடுத்துக் கொடுக்கிறவன் அப்படித்தான். இரண்டாம் மணி. கப்பி முனகுகிறது. உருளை இறங்குகிறது. எத்தனை ஆயிரம் முறை இதை மறுபக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன், உள்ளேயிருந்து கேட்டால் அது வீடு சாத்துகிற சத்தம். வெளியேயிருந்து வேறு மாதிரி. காற்று என் கால்களைத் தடவிக்கொண்டு போயிற்று. தும். கருவாலி மரம் பலகையில் உட்கார்ந்தது, என் குதிகாலுக்குப் பின்னால் ஒரு சாண். முடிந்தது. வெளியே இருக்கிறேன்.

கைதட்டல் தொடங்கிப் பாதியில் நின்றது. கவனித்துவிட்டார்கள். ஐந்நூறு பேர் ஒரு செத்த ராஜாவைப் பார்க்கிறார்கள், செத்த ராஜா என்ன செய்வதென்று யோசிக்கிறார். கிடந்தால் யாராவது திரைக்கு அடியில் கையை விட்டுக் காலைப் பிடித்து இழுப்பார்கள், மூட்டையை இழுப்பது போல. அது கூடாது. எழுந்து போகலாம். ஆசைக்காரன் எழுந்துதான் போவான். சபைக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, கண் சிமிட்டிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு போவான். இடக் கைப்பக்கக் கதவு. நான் எழுந்து சூட்டைப் பார்த்துத் திரும்பினால் சபை எனக்கு நேர் எதிரே. இடப்பக்கம் திரும்பினால் விளக்குச் சூடு வலக் கன்னத்தில். அதை வலக் கன்னத்திலேயே வைத்துக்கொண்டு பன்னிரண்டு எட்டு. சுவர். கதவு. சின்னப் பிள்ளைகூடச் செய்யும். எழுந்தேன். தலை, தோள், இடுப்பு, முழங்கால், செத்ததற்கு நேர் தலைகீழ். "ஐயய்யோ, எழுந்துட்டான்!" என்றது மேல்தட்டு. இடித்துக்கொண்டு சிரித்தார்கள். "எமன் வேணாம்னு திருப்பி அனுப்பிட்டான்!" "ராஜா, ஒண்ணுக்கு வந்துடுச்சா!" சூட்டுக்கு நேராகத் திரும்பி வணங்கினேன். சரியான திசையில்தான் வணங்கியிருப்பேன். சிரிப்பு கூடிற்று. நல்லது. சிரியுங்கள். கிழட்டு ஆசை, பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பினேன். சூடு வலக் கன்னத்தில். ஒன்று. இரண்டு. காலில் ஏதோ தட்டி உருண்டு கணகணவென்று போயிற்று. "கிரீடம்! கிரீடம்!" "ராஜா, மகுடத்தை எடுத்துக்கிட்டுப் போ!" "இதோ, காலுக்குக் கீழேதான்யா!" குனியக் கூடாது. குனிந்தால் தேட வேண்டும். மகுடத்தை உதறிவிட்டுப் போகிற ராஜா நான். கையை வீசினேன், வேண்டாம் உங்கள் மகுடம் என்பது போல. அதற்கும் சிரித்தார்கள், ஒருவன் விசில் அடித்தான். ஏழு. எட்டு. எத்தனை சொன்னேன், பன்னிரண்டு. பத்து. எட்டு சின்னதாக வைக்காதே. பன்னிரண்டு. கையை முன்னால் நீட்டாமல் நடக்கிறேன். பதின்மூன்று. நெற்றி இடித்தது.

மரப்பலகையில் மேளம் கொட்டினது போலச் சத்தம். இதுவரை வந்ததிலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான். சுவரில் கை வைத்தேன். வழுவழுப்பான சாயம், பூவேலை, பொன் பூசின பூவேலையாக இருக்கும். பிடி இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். பித்தளை. தடவினேன். பூ. மேலே. பூ. கீழே. மரச்சட்டம். கதவின் சட்டமா, சுவரின் சட்டமா. வலப்பக்கம் தடவினேன், விளக்கு உள்ளங்கையைச் சுட்டது, கையை எடுத்துக்கொண்டேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், வேடிக்கைக்கு நீட்டுகிறேன் என்று நினைக்கட்டும், குடித்திருக்கிறான் என்றுகூட நினைக்கட்டும், குடி மன்னிக்கத்தக்கது. இரண்டு கையாலும் தடவினேன். இரண்டு கையாலும் தடவியிருக்கக் கூடாது. முன்வரிசையில் ஒருவன் சிரிப்பை நிறுத்தினான். ஒருவன் நிறுத்தினால் எனக்குத் தெரியும், நாற்பத்தாறு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். அவன் பக்கத்தில் இருந்தவள் நிறுத்தினாள். அப்புறம் அந்த வரிசை. மழை ஒரு தெருவில் விட்டு அடுத்த தெருவில் விடுவது போலப் பின்னால் போயிற்று, மேல்தட்டுக்கு ஏறிற்று, அங்கே கடைசியாக ஒரு மடையன் மட்டும் ஹா ஹா என்றான், அவனையும் யாரோ இடித்தார்கள். திரைக்கு உள்ளேயும் சத்தமில்லை. ஒரு பூட்ஸ் கிறீச்சிட்டு நின்றது. அரங்கு முழுக்க என் உள்ளங்கை சுவரில் உரசுகிற சத்தம். சிரியுங்களேன். ஐந்நூறு பேர் வந்திருக்கிறீர்கள், சிரித்துத் தொலையுங்களேன்.

"இடப்பக்கம், ஐயா," என்றது மேல்தட்டிலிருந்து ஒரு குரல். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "இன்னும் ரெண்டு சாண்."

இடப்பக்கம் நகர்ந்தேன்.